அக்கா என்னை ‘சார்’ என்று கூப்பிட்ட ஞாயிறு

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒரு தேதி தேவைப்பட்டால் என்னைத்தான் கேட்பார்கள். யார் எந்த மாதம் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள், எந்த மழையில் பாலம் போனது, எந்தத் தைப்பூசத்தன்று மச்சானின் வேன் வழியில் நின்றது, எல்லாம் எனக்கு நினைவிருக்கும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் விடுமுறையை அடுத்து வரும் ஞாயிறு. ஒவ்வோர் ஆண்டும் அன்றுதான் அக்கா குடும்பத்தோடு ஆற்றுக்குப் போவாள்.

ஆற்றுக்குப் போவது என்றால் எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் இரவே கோழி மசாலாவில் ஊறும். காலையில் அண்டா, பாய், ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் மாற்றுத்துணி, பாட்டுப் பெட்டி எல்லாம் வேனில் ஏறும். ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். பிள்ளைகள் உதடு வெளுக்கும் வரை தண்ணீரில் கிடப்பார்கள். போகும் இடமும் மாறாது. ஈப்போவுக்கு வடக்கே, நாங்கள் பிறந்த தோட்டத்தின் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஆறு. தோட்டம் கைமாறி, ரப்பர் போய், பாதிக்கு மேல் செம்பனை வந்துவிட்டது. அக்கா கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆறு என்றால் அவளுக்கு அந்த ஆறுதான்.

அந்த ஆண்டு அவள் இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டாள். மகளுக்கு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீடு லகாட். அப்பா லாரி ஓட்டுகிறவர். அவர்களையும் ஆற்றுக்கு அழைத்திருந்தாள்.

“மண்டபத்துல பாத்தா எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரிவாங்க. ஆத்துல ஒரு நாள் இருந்தா நாம எப்படின்னு அவங்களுக்கும் தெரியும், அவங்க எப்படின்னு நமக்கும் தெரியும். நீ வந்துரு. தாய்மாமன் வரலன்னா என்னடா நெனைப்பாங்க.”

“அன்னைக்கு ஹுத்தான் மெலிந்தாங் போறோம்க்கா. எங்க குழுவோட. வடக்கேருந்து பறவைங்க வர நேரம்.”

“கொக்கு அடுத்த வருஷமும் வரும்லா.”

“கொக்கு இல்லக்கா, உள்ளான்.”

“ஏதோ ஒண்ணு. உள்ளானுக்கு அக்கா மக இருக்காளா?”

சிரித்தோம். நான் போகவில்லை என்பதை அவள் ஏற்றுக்கொண்டாள். பறவை ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. அந்த ஆற்றுப் பயணம் எனக்குப் பிடிக்காமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் ஒரு நடைக் குழுவில் சேர்ந்தேன். பெரும்பாலும் ஓய்வு பெற்ற சீனர்கள், ஒரு மலாய்த் தம்பதி, தமிழன் நான் ஒருவன்தான். தலைவி ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை. மரங்களின் பெயர்களை மலாயிலும் லத்தீனிலும் சொல்லுவார், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். அவர்களோடு ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளில் ஏறினேன். பெலும் காட்டில் படகில் போய், மூடுபனிக்குள் இருவாச்சிகள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்தேன். பறவை தெரிவதற்கு முன்பே அவற்றின் சிறகோசை, பழைய நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல், தலைக்கு மேலே கேட்டது. பிறகு நேப்பாளம். மேடேற மூச்சு வாங்கிய ஒரு பிற்பகலில், பாதையோர வீட்டில் ஒரு பெண் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறும் பருப்பும் போட்டாள். அடுப்புப் புகை கூரை வழியே கசிந்து பனிமலையின் மேல் போய் நின்றது. கீழே ஓடையில் அவள் வீட்டார் சவர்க்காரம் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் படம் எடுத்தேன். மலையும் மனிதரும் ஒன்றாக வாழும் அழகு என்று திரும்பி வந்து குழுவின் சிறு இதழில் எழுதினேன்.

அதே இதழில் இன்னொன்றும் எழுதியிருந்தேன். எங்கள் தோட்டத்து ஆற்றைப் பற்றி. தனியாகப் போய் மேலே நடந்து பார்த்துவிட்டு, மனிதச் சுவடு அதிகம் படாத நீர் என்று எழுதினேன். நான் நீந்தக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்றோ, தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு அங்கிருந்துதான் குழாயில் தண்ணீர் வந்தது என்றோ எழுதவில்லை. பொய் எதுவும் எழுதவில்லை. ஆனால் படித்தவர்கள், நான் அந்த ஆற்றைக் கண்டுபிடித்ததாகவே நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைக்க விட்டேன்.

ஞாயிறு காலை ஈப்போவில் எல்லோரும் கூடும் சாப்பாட்டுக்கடை முன்னால் நின்றிருந்தபோது தலைவி வந்து, ஹுத்தான் மெலிந்தாங் கடற்கரையோரம் இரவெல்லாம் மழை, சாலையில் தண்ணீர் நிற்கிறதாம், இன்று பறவை பார்க்க முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “உங்கள் ஆற்றுக்குப் போகலாமே” என்றார். எல்லோரும் சம்மதித்தார்கள்.

அங்கே என் அக்கா குடும்பம் இருக்கும் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அது ஒன்றும் கடினமான வாக்கியம் இல்லை. காரில் போகும்போதும் சொல்லியிருக்கலாம். அக்காள் வீட்டில் யாரும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பமாட்டார்கள், அவர்கள் வருவதற்குள் நாங்கள் மேலே ஏறிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செம்பனைக் காடு முடிந்ததும் வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் நிரை வரும். கொடி ஏறி, பெரணி தொற்றி, வரிசை தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. அதைத் தாண்டினால் மூங்கில். மூங்கிலுக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிடும். ஈரமண் வாசனையோடு ஆற்றுச் சத்தம் வரும். அன்று ஆற்றுச் சத்தத்துக்கு முன்பே பாட்டுச் சத்தம் வந்தது. பிறகு விறகுப் புகை, பிறகு கோழிக்கறி வாசனை. அந்த மசாலா யார் வீட்டு மசாலா என்பது எனக்கு மூக்கிலேயே தெரிந்துவிட்டது.

திரும்பிப் போக வழியில்லை. மூங்கிலை விலக்கி வெளியே வந்தோம்.

அக்கரையில் பெரிய பாறைக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள். அக்காவின் கணவரான மச்சான் சட்டையில்லாமல் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியின் மேல் எனக்குத் தெரியாத, அகன்ற தோள் உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் பேரப்பிள்ளைகள் தலை நிறைய ஷாம்பு நுரையோடு நீரில் குதித்துக்கொண்டிருந்தன. நுரை பாறைகளைச் சுற்றிச் சுழன்று கீழே போயிற்று. ஒரு காகிதத் தட்டு மிதந்து வந்து எங்கள் காலடியில் ஒதுங்கியது. தலைவி குனிந்து அதை எடுத்து, உதறி, தன் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேப்பாளத்து ஓடையில் சவர்க்காரத்தைப் படம் எடுத்தவன் நான். அங்கே புகை காட்சியின் பகுதியாக இருந்தது. இங்கே அதே புகை, அதே நுரை, என்னை யாரோ சட்டையைப் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்று இதெல்லாம் தோன்றவில்லை. அன்று தோன்றியது ஒன்றுதான்: இவர்கள் என்னைப் பார்க்கக்கூடாது.

தலைவி என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “கெனால் கா?”

தெரியுமா என்று மலாயில் சாதாரணமாகக் கேட்டதுதான். தெரிந்தவர்கள் என்றால் பேசுவது எளிதாக இருக்குமே என்ற எண்ணத்தில் கேட்டிருப்பார். பாட்டு காது கிழியக் கேட்டுக்கொண்டிருந்ததால் நானும் உரக்கப் பதில் சொன்னேன்.

“தா கெனால்.”

தெரியாது. நான் வாயைத் திறந்தபோது பாட்டு முடிந்திருந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அந்த இடைவெளியில் என் குரல் மட்டும் ஆற்றின் மேல் தனியாகப் போயிற்று.

பாயில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்திலிருந்த மகள் முகம் மலர்ந்து எழப்போனாள். அவள் வாய் ‘மா’ என்று குவிந்ததைக்கூடப் பார்த்தேன். அக்கா கத்தி பிடித்த கையின் புறங்கையால் அவள் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தாள். மறுபடி வெங்காயத்தைப் பார்த்தாள். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தலைவி என்னிடம், தெரியாவிட்டாலும் தமிழில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், ஷாம்பு மட்டும் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். குழு முழுவதும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்குப் போனேன். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய கற்கள். அன்று இரண்டு முறை வழுக்கி, முழங்கால் வரை நனைந்தேன்.

மச்சான் விசிறியை நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“வாங்க சார். என்ன வேணும்?”

எங்கள் அக்காளுக்கு என்னைவிட ஏழு வயது அதிகம். பிறந்ததிலிருந்து என்னை ‘டேய்’ என்றும், கோபமாக இருந்தால் ‘தம்பி’ என்றும் கூப்பிட்டவள். அந்த ‘சார்’ கடைக்காரரிடம், ஆபீஸில், பள்ளியில் அவள் உபயோகிக்கும் சார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை.

“புள்ளைங்க... ஷாம்பு...” என்றேன். “தண்ணி கீழ போகுது. மீனுங்களுக்கு...”

“சரி சார். தெரியாம செஞ்சிருச்சுங்க.” பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஏய், ஷாம்ப எடுத்து வையிங்க. சார் சொல்றாரு பாருங்க” என்றாள். பிள்ளைகள் என்னைப் பார்த்து வாய் பிளந்து நின்றன. கடைக்குட்டி சிரித்துவிட்டது. அக்கா ஒரு பார்வை பார்த்ததும் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது.

மச்சானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரால் சும்மா இருக்க முடியாது.

“சார் எந்த ஊரு?”

“ஈப்போ” என்றேன்.

“ஓ, ஈப்போவா. ஈப்போவுல எங்க மச்சான் ஒருத்தரு இருக்காரு. பெரிய ஆளுலா. எமய மலைக்கெல்லாம் போய்ட்டு வந்தவரு. இந்தக் காடு மலைன்னு சுத்துற ஆளுதான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

நான் குனிந்து நனைந்த கால்சட்டையைப் பிழிந்தேன்.

“இன்னைக்கு இங்க வரவேண்டியவரு. ஹுத்தான் மெலிந்தாங்ல கொக்கு பாக்கப் போய்ட்டாரு.”

“ஏங்க, சும்மா இருங்க” என்றாள் அக்கா. “சாருக்கு நேரமாவுது.” பிறகு என்னிடம், “சாப்டீங்களா சார்? கூட எத்தன பேரு? கொஞ்சம் தப்பாவ் பண்ணித் தாரேன், எடுத்துட்டுப் போங்க.”

வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. சோறும் கறியும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டினாள். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர், அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா என்று எனக்கு அப்போது புரிந்தது, எழுந்து ஒரு பை தேடிக் கொடுத்தார். பையை என் கையில் தந்தபோது அக்காவின் விரல் என் விரலில் பட்டது. வெங்காய ஈரம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாட்டின் சத்தத்தையும் குறைத்தார்கள். நான் திரும்பி வந்ததும் தலைவி மகிழ்ந்து போனார். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்றார். மேலே சிற்றருவிக்கு அருகில் உட்கார்ந்து எல்லோரும் பொட்டலத்தைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். இவ்வளவு ருசியான கறியைச் சாப்பிட்டதில்லை என்று மலாய்த் தம்பதியில் கணவர் சொன்னார். நீலத் தட்டான் ஒன்று பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. தலைவி அதன் பெயரைச் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை. கறி எனக்கும் வந்தது. என் பங்கில் அக்கா கல்லீரல் வைத்திருக்கவில்லை. எப்படி வைப்பாள், எந்தப் பொட்டலம் யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதே. இருந்தும் நான் அதைத் தேடினேன். ஒவ்வோர் ஆண்டும் கல்லீரலை எனக்கென்று எடுத்து வைப்பாள்.

நாங்கள் இறங்கி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். அடுப்புக் கற்கள் பிரித்துப் போடப்பட்டிருந்தன. சாம்பல் மேல் தண்ணீர் ஊற்றியிருந்தது. ஒரு தட்டு, ஒரு காகிதம் இல்லை. அவர்கள் எப்போதும் அப்படிச் சுத்தமாக விட்டுப் போகிறவர்களா, அன்று ‘சார்’ வந்ததால் அப்படிச் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கூடவே போயிருக்கிறேன், ஆனால் கிளம்பும்போது யார் கூட்டுகிறார்கள் என்று நான் கவனித்ததே இல்லை.

அன்று மாலை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று, கமுந்திங் கோயில் மண்டபம் என்றாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்:

“தாம்பூலம் மாத்தும்போது தாய்மாமன்தான் நிக்கணும். நீ நிப்பியா, இல்ல பெரியப்பா மகன கேக்கவா?”

“அக்கா, நான் அன்னைக்கு...”

“நிப்பியா மாட்டியா, அத சொல்லு.”

“நிப்பேன்க்கா.”

“மாப்பிள்ள வீட்டுக்காரங்க உன்னப் பாத்துட்டாங்கடா. பொண்ணோட மாமனே தெரியாதுன்னு சொல்லிட்டாருன்னா, நாளைக்கு அவ அந்த வீட்டுல எப்படித் தல நிமிந்து இருப்பா? அதான் சார்னு கூப்புட்டேன். வேற ஒண்ணும் இல்ல” என்றாள். “அன்னைக்கு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்த. அதெல்லாம் இல்லாம வா. வேட்டி கட்டிட்டு வா. அடையாளம் தெரியாது.”

வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மீசையைக்கூடக் குறைத்துக்கொண்டேன் என்பதை எழுதக் கூசுகிறது, ஆனால் குறைத்துக்கொண்டேன். மண்டபத்தில் தூண் ஓரமாகவே நின்றேன். பூசாரி, பொண்ணோட தாய்மாமன் யாருங்க, முன்னால வாங்க என்று கூப்பிட்டபோது போய்ப் பாயில் உட்கார்ந்து தட்டைக் கையில் எடுத்தேன். எதிரே அகன்ற தோள்களோடு மாப்பிள்ளையின் அப்பா. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் அவசரமாக வந்தது. “எங்க தம்பிங்க. ஆத்துக்கு வர முடியலன்னு சொன்னேன்ல, அவன்தான். அன்னைக்கு ஹுத்தான் மெலிந்தாங்ல...”

எனக்காக அவள் அதற்கு மேலும் ஒரு பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“இல்லங்க” என்றேன். “அன்னைக்கு ஆத்துக்கு வந்தது நான்தான். இவங்கள தெரியாதுன்னு சொன்னதும் நான்தான். நீங்கதான் பை எடுத்துக் கொடுத்தீங்க.”

மச்சான் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா தன் தட்டைச் சற்று நகர்த்திவைத்தார்.

“தெரியும் சார்” என்றார். “பாட்டு நின்னுருச்சுல்ல. எனக்கும் கேட்டுச்சு. அப்புறம் உங்க மூஞ்சியும் அவங்க மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கு. பக்கத்துல நிக்கிறப்ப தெரிஞ்சுது.”

அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அவ்வளவு பாடுபட்டு அவள் மறைத்தது தனக்குத் தெரியும் என்பதை, அவளுக்குத் தெரியாமல் அவரும் மறைத்து வைத்திருந்தார். அந்த ஆற்றங்கரையில் எல்லோரும் எனக்காக ஏதோ ஒன்றைப் பொத்திவைத்திருந்தார்கள். பிள்ளைகள்கூட.

“மாத்தலாம் சார்” என்று கையை நீட்டினார். தட்டு மாற்றினோம். தேங்காய் உருண்டது. பிடித்துக்கொண்டார்.

திருமணம் தை மாதத்தில் நடந்தது. அக்கா மறுபடி என்னை ‘டேய்’ என்று கூப்பிடுகிறாள். சம்பந்தி மட்டும் இன்னும் ‘சார்’ என்பதை விடவில்லை. சம்பந்தின்னு கூப்புடுங்க என்று அக்கா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். பழகிருச்சு என்கிறார். நிஜமாகவே பழகித்தான் போயிருக்கலாம். அவர் முகத்தில் வேறு எதையும் நான் கண்டதில்லை.

இந்த ஆண்டும் மெர்டேக்காவுக்கு அடுத்த ஞாயிறு வந்தது. நானும் போனேன். மூங்கிலைத் தாண்டும்போதே பாட்டுக் கேட்டது. பிள்ளைகளின் ஷாம்புவை வாங்கிப் பையில் போட்டேன், திட்டு வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கல்லீரலை அக்கா யாருக்கு வைக்கப்போகிறாள் என்று பார்க்காமல் இருக்க ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டி மேலிருந்து குரல் வந்தது.

“சார், தட்ட நீட்டுங்க.”

நீட்டினேன்.